தேங்காய் எண்ணெய் பூசிய பறக்கும் படகு

கஜேந்தினிக்கு மூன்று வாரமாக ஒரே வயிற்றெரிச்சல். கறியில் உறைப்புக் கூடியதால் வந்ததல்ல. லதீசனால் வந்தது.

லதீசன் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த மாமாவின் மகன். அவளைப் போலவே அவனுக்கும் பதினொரு வயது. பேர்கன் நகரத்தில் இருந்தவரைக்கும் அவன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். வருடத்தில் ஒரு தடவை வருவான், சேர்ந்து விளையாடுவான், போய்விடுவான். இப்போது மாமா குடும்பம் ஒஸ்லோவுக்கே வந்துவிட்டது. அதுவும் ஹவுகன்ஸ்டுவா என்ற அதே பகுதியில், கஜேந்தினி வீட்டு மாடிக் கட்டடத்துக்கு நேர் எதிரே. அன்று தொடக்கம் அம்மாவின் வாயில் ஒரே பாட்டுத்தான்.

"லதீசனைப் பார், கத்தரிக்காய்க் கறியெண்டாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுறான்."

"லதீசனைப் பார், ஒருத்தரும் சொல்ல முதலே குப்பையைக் கொண்டுபோய்ப் போடுறான்."

இதையெல்லாம் கஜேந்தினி பொறுத்துக்கொண்டாள். கத்தரிக்காயை அவன் வேண்டுமானால் மூட்டை மூட்டையாகத் தின்னட்டும். ஆனால் அவன் செவ்வாய்க்கிழமைக் குழுவுக்குள்ளும் வந்து புகுந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைக் குழு நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடும். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒன்பது பிள்ளைகள் அங்கே போய் எதையாவது வெட்டி ஒட்டிச் செய்வார்கள். குழுவை நடத்துபவள் எமிலி. அவளுடைய கம்பளிச் சட்டையில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். இரண்டு வருடமாக அந்தக் குழுவில் கஜேந்தினிதான் கெட்டிக்காரி. அவள் செய்த பாலமும், கலங்கரை விளக்கும் இன்றைக்கும் நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

இந்த வசந்தத்தில் எமிலி பெரிய பெரிய படங்களைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். படங்களில் இருந்தவை வானூர்தியா, படகா என்று சொல்ல முடியவில்லை. மேலே சிறகு, கீழே படகு.

"இவைதான் பறக்கும் படகுகள்," என்றாள் எமிலி. "இரண்டாம் உலகப் போரில் நிறையப் பறந்தவை. இவற்றுக்கு ஓடுபாதை தேவையில்லை. கடல்தான் ஓடுபாதை. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் போகும். கடலில் விழுந்து தத்தளிப்பவர்களைக் கண்டால் பக்கத்தில் இறங்கி ஏற்றிக்கொண்டு வரும்."

ஒவ்வொருவரும் ஒரு கை நீளத்தில், பஞ்சு போன்ற வெள்ளை நுரைப்பலகையில், படகின் உடலைச் செய்ய வேண்டும். சிறகும் மோட்டாரும் அதை ஓட்டும் ரிமோட்டும் எமிலி இரவல் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு சனிக்கிழமை போட்டி. அன்று குளத்தில் எந்தப் படகு நன்றாக ஓடுகிறதோ, அதன் முதுகில்தான் அவை ஏறும். அதற்கடுத்த திங்கட்கிழமை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த மோட்டார் தன்னுடைய படகுக்குத்தான் என்று கஜேந்தினி முடிவே செய்துவிட்டாள். எமிலியின் கணினியில் பறக்கும் விளையாட்டை விளையாடி, ரிமோட்டைப் பிடிப்பது எப்படி, இறக்குவது எப்படி என்று எல்லாரையும்விட அதிகமாகப் பழகினாள். படகின் அடியைச் சொரசொரப்பான தாளால் தேய்த்துத் தேய்த்து முட்டைபோல வழுவழுப்பாக்கினாள். மூக்கின் மேல்பக்கத்தில் நிறப் பேனாக்களால் செம்மஞ்சள் பூக்கள் வரைந்தாள்.

அதே பேனாக்களை இரவல் வாங்கி லதீசன் தன் படகின் மூக்கில் ஒரு நீலச் சுறாவை வரைந்தான். சுறா பார்ப்பதற்குப் பூனை மாதிரி இருந்தது. அதைக் கண்டு கஜேந்தினிக்குச் சற்று ஆறுதல். ஆனால் அவன் படகைக் கவிழ்த்து வைத்தபோது அடியில் விசித்திரமான ஒன்றைக் கண்டாள். நடுப்பகுதியில் ஒரு வெட்டு. முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும், ஒரு படிபோல இருந்தது.

"இதென்ன, படகுக்குக் கீழே படிக்கட்டு?" என்று கேட்டாள். "ஆர் ஏறி இறங்கப் போகினம்? மீனோ?"

லதீசன் கோபிக்கவில்லை. அவனிடம் அவளுக்குப் பிடிக்காத விடயங்களில் அதுவும் ஒன்று. அவனுக்குக் கோபமே வராது.

"இல்லை கஜி, அடி வளைஞ்சிருந்தால் தண்ணி விடாமல் ஒட்டிக்கொண்டு கீழை இழுக்கும். நடுவில இப்பிடி வெட்டிவிட்டால் அதிலை காத்துப் புகுந்திடும். தண்ணி பிடியை விட்டிடும். பிறகு படகு லேசா எழும்பும். எமிலி ஒட்டின படத்திலையும் இப்பிடித்தான் கிடக்கு. நீ பார்க்கேல்லையே?"

அவள் பார்க்கவில்லை. சிறகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து எமிலி வந்து சேர்ந்தாள். லதீசனின் படகைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஷெம்பெ பிரா!" என்று கத்தினாள். மிக மிக நன்று என்று அர்த்தம். இரண்டு வருடமாக அந்த இரண்டு சொற்களும் கஜேந்தினிக்கு மட்டும் கிடைத்து வந்தவை. இப்போது அவை அவள் கண் முன்னாலேயே இன்னொருவனுக்குப் போயின. அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் கரண்டிகளைக் கழுவும்போதும் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணியாவது, ஒட்டுவதாவது! ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தொங்கவிட்டு, அதன் வளைந்த முதுகைக் குழாயிலிருந்து ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் எதிர்பார்த்தாள். அது தள்ளவில்லை. கரண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மறுபடி செய்தாள். மறுபடியும் இழுத்தது.

லதீசன் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? ஒரு கத்தியை எடுத்து, படகின் அடியில் ஒரு படி வெட்டியிருப்போம். கஜேந்தினி அப்படிச் செய்யவில்லை. 'அவன்ரை யோசினையை எடுத்தால் அது அவன்ரை படகுதானே? எனக்கு ஒரு படியும் வேண்டாம். என்ரை படகில தண்ணி ஒட்ட நினைச்சாலும் வழுக்கிக்கொண்டு போகவேணும்' என்று வீம்பாக இருந்தாள்.

வழுக்க வைப்பது எப்படி? சனிக்கிழமை காலை, குளத்துக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்னால், குளியலறையில் அதற்கு விடை கிடைத்தது.

அவர்கள் வீட்டுக் குளியலறையின் தரை சூடேற்றப்பட்டது. அந்தத் தரையின் ஒரு மூலையில் அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் நிற்கும். கஜேந்தினிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. அவள் பார்க்கும்போதெல்லாம் எண்ணெய் கண்ணாடிபோலத் தெளிவாக, தண்ணீர்போல இளகியே இருக்கும். எண்ணெய் வைத்த தலையில் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடுவதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்டிருக்கிறாளே!

கதவைப் பூட்டிக்கொண்டாள். படகின் மேற்பக்கத்தைத் தொடாமல், பக்கங்களிலும் அடியிலும் எண்ணெயைப் பூசினாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கூடிப்போன எண்ணெய் பக்கங்களால் வழிந்து, அடி விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது. நிமிர்ந்தபடியே படகை ஒரு பையில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

ரொம்சோஸ் குளத்தில் அன்று நல்ல வெயில். மே மாதத் தொடக்கம், ஒன்பது பாகைச் சூடுதான். ஆனாலும் ஒஸ்லோவில் வெயில் தலைகாட்டினால் போதும், கம்பளித் தொப்பியோடு நின்று ஐஸ்கிறீம் சாப்பிடுவார்கள். கஜேந்தினியின் அம்மாவும் லதீசனின் அம்மாவும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் பெட்டி நிறைய மீன் ரோல்ஸும் கொண்டு வந்திருந்தார்கள்.

போட்டி எளிமையானது. ஒரு நீளத் தடியின் இரண்டு முனைகளிலும் இரண்டு படகுகளைக் கட்டுவார்கள். தடியின் நடுவில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எமிலி கரையோரமாக ஓடுவாள். தண்ணீர் எந்தப் படகை அதிகம் பிடித்து வைக்கிறதோ, அந்தப் பக்கம் பின்தங்கும். தோற்ற படகு விலகும், வென்றதோடு அடுத்த படகு ஓடும். கடைசியில் கஜேந்தினியும் லதீசனும் மிஞ்சினார்கள். கஜேந்தினிக்கு அதுதான் முதல் ஓட்டம். குலுக்கலில் அவளுக்குக் கடைசி இடம் விழுந்திருந்தது.

அவள் பையிலிருந்து படகை எடுத்தாள். எடுத்தவள் திகைத்துப்போனாள். கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டிய அடிப்பக்கம் முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிபட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். மெழுகுபோல இறுகிக் கிடந்தது.

"கஜேந்தினி, தயாரா?" என்று எமிலி கூப்பிட்டாள்.

வேறு வழியில்லை. படகைக் கட்டினாள். எமிலி ஓடத் தொடங்கினாள். தடி உடனேயே திரும்பிவிட்டது. லதீசனின் படகு தண்ணீருக்கு மேல் எழுந்து, வழுக்கிக்கொண்டு போனது. கஜேந்தினியின் படகு நங்கூரம் போட்டதைப் போலப் பின்னால் இழுபட்டு வந்தது.

படகைத் தூக்கியபோது அம்மா பக்கத்தில் வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன பிள்ளை, என்ரை தேங்காய் எண்ணெய் மணக்குது?"

"கொஞ்சம் பூசினனான்," என்றாள் கஜேந்தினி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஐயோ, குளிருக்கு அது உறைஞ்சு போகுமெல்லே! அதுக்குத்தானே சூட்டு நிலத்திலை வைக்கிறனான்!"

அம்மா சொன்னது என்னவென்று லதீசனின் அம்மாவிடம் கேட்டு, எமிலி சுற்றி நின்றவர்களுக்கு நோர்வேஜிய மொழியில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். லதீசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தாலாவது அவனோடு சண்டை பிடித்திருக்கலாம். அதற்கும் அவன் வழி விடவில்லை.

எமிலி சிறகையும் மோட்டாரையும் லதீசனின் படகில் பூட்டினாள். கஜேந்தினி மரப்பாலத்தின் ஓரத்தில் தன் படகை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். 'பறக்கக் கூடாது. முருகா, அது பறக்கவே கூடாது' என்று வேண்டினாள். அப்படி வேண்டுவது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வேண்டினாள்.

முருகன் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. மோட்டார் இரைந்தது, படகு பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் தண்ணீர் சீறி எழுந்து, நேராகப் போய் மோட்டாரின் முன்னால் சுழலும் காற்றாடியில் அடித்தது. காற்றாடி திக்கித் திணறி நின்றுவிட்டது. எமிலி முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்கி அதை இழுத்து வந்தாள். துடைத்து, மறுபடி விட்டார்கள். மறுபடியும் அதே சீறல், அதே திணறல்.

கஜேந்தினிக்கு இனித்தது. பாயாசம் குடித்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் முழுவதும் அப்படியே இருந்தது.

"மோட்டார் நன்றாக நனைந்துவிட்டது," என்றாள் எமிலி கவலையோடு. "இன்னொரு தடவை நனைந்தால் பழுதாகிவிடும். இரவல் சாமான், லதீசன். தண்ணீர் அடிக்காமல் இருக்க ஒரு வழி கிடைத்தால் ஓட்டலாம். இல்லாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்வோம்."

லதீசன் தலையை ஆட்டினான். தொப்பியைக் கழற்றினான், போட்டான், மறுபடி கழற்றினான். அவனுடைய படகின் மூக்கில் இருந்த சுறா முழுவதும் கரைந்து, நீலக் கோடு கோடாக வழிந்திருந்தது. மோட்டார் ஏறுவதற்கு முன்பே, எமிலி கயிற்றால் இழுத்த முதல் ஓட்டத்திலேயே அது கரையத் தொடங்கியிருந்தது.

அதைப் பார்த்த கஜேந்தினி தற்செயலாகத் தன் மடியையும் பார்த்தாள். அவளுடைய படகின் மூக்கில் செம்மஞ்சள் பூக்கள் அப்படியே இருந்தன. ஒரு இதழ்கூடக் கரையவில்லை.

அதெப்படி? அதே பேனா. அதே குளம். அதே ஓட்டம். மேற்பக்கத்தில் எண்ணெயும் பூசவில்லையே. அப்படியானால் அவளுடைய படகின் மூக்குக்குத் தண்ணீர் வந்து சேரவே இல்லை!

படகைச் சரித்துப் பார்த்தாள். காலையில் பக்கங்களால் வழிந்த எண்ணெய், அடி விளிம்பில் தொங்கியபடியே உறைந்திருந்தது. மூக்கிலிருந்து பின்னால் வரை, சுண்டுவிரல் அகலத்தில், வெளியே நீட்டிக்கொண்டு ஒரு வரம்பு. அதன் கீழ் விரலை வைத்து, தண்ணீர் ஏறுவதுபோல மேல்நோக்கி நகர்த்தினாள். விரல் வரம்பில் முட்டி, வெளிப்பக்கமாகத் திரும்பியது.

"அட!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நல்லவேளை, யாருக்கும் கேட்கவில்லை. இனி என்ன செய்வது? சொல்லாமல் இருந்துவிடலாம். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மோட்டார் திங்கட்கிழமை போய்விடும். லதீசன் வென்றதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பறக்காத படகை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஆனால் ஒன்று அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. படிக்கட்டு என்று அவள் கேலி செய்த அன்றைக்கே, படியின் இரகசியம் முழுவதையும் அவன் அவளுக்குச் சொல்லிவிட்டானே. போட்டி இருக்கிறதே, ஒளித்து வைப்போம் என்று நினைக்கவே இல்லை.

"மடையன்," என்று முணுமுணுத்துக்கொண்டே கஜேந்தினி எழுந்தாள். விறுவிறு என்று அவனிடம் போனாள்.

"இஞ்சை பார். இந்த வரம்பு தெரியுதே? தண்ணி மேலை ஏற விடாமல் இதுதான் வெளியிலை தள்ளுது. என்ரை பூ ஒண்டும் நனையேல்லை. உன்ரை படகின்ரை மூக்குக்கும் இப்பிடி ரெண்டு பக்கமும் வைக்கவேணும்."

லதீசன் பூக்களைப் பார்த்தான். வரம்பைத் தடவினான். அவன் கண்கள் விரிந்தன.

"தேங்காய் எண்ணெயாலையோ வைக்கிறது?"

"விசரே உனக்கு? மெல்லிய தடி மாதிரி ஏதும் வேணும். ஐஸ்கிறீம் குச்சி போதும். பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு."

குளத்துக் கடையில் குச்சியைத் தனியாகக் கொடுக்க மாட்டார்கள். எமிலி நான்கு குச்சி ஐஸ்கிறீம் வாங்கினாள். ஆளுக்கு ஒன்றாக மூன்று பேரும் அவசர அவசரமாகத் தின்றார்கள். நான்காவதை யார் தின்பது என்று பேச்சு வந்தபோது, பற்கள் கிடுகிடுக்க, "நீ தின்," "இல்லை நீ தின்," என்று இருவரும் ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள். கடைசியில் அம்மாதான் வந்து, "தாங்கோ இஞ்சாலை," என்று வாங்கி நான்கே கடியில் முடித்துவிட்டாள்.

குச்சிகளைக் கஜேந்தினி சற்றே கீழ்நோக்கிச் சரித்துப் பிடித்தாள். லதீசன் தண்ணீர் புகாத நாடாவால் இறுக்கி ஒட்டினான்.

"போர்க்காலத்தில் யப்பான் செய்த பெரிய பறக்கும் படகு ஒன்றுக்கும் இதே தொல்லை வந்ததாம்," என்றாள் எமிலி, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு. "தண்ணீர் சீறிக் காற்றாடிகளில் அடித்ததாம். அங்கேயும் படகின் அடியில் வரம்பு வைத்துத்தான் அடக்கினார்களாம். எதிரிகள் அந்தப் படகுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? எமிலி!" அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

படகைத் தண்ணீரில் விட்டார்கள். ரிமோட் லதீசனின் கையில். இந்தத் தடவை கஜேந்தினி எதையும் வேண்டவில்லை. படகின் மூக்கை மட்டும் பார்த்தாள்.

மோட்டார் இரைந்தது. தண்ணீர் சீறியது. ஆனால் மேலே அல்ல! இரண்டு பக்கமும் தட்டையாக விரிந்து, வெளியே போய் விழுந்தது. காற்றாடி நனையவே இல்லை. படகு நிமிர்ந்து, படியின் மேல் ஏறி ஓடி, ஒரு சாண் எழுந்தது. பிறகு ஒரு முழம். பிறகு கரையில் நின்ற மரங்களுக்கு மேலே போய்விட்டது.

"பறக்குது! பறக்குது!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

இரண்டு வட்டம் சுற்றியதும் லதீசன் கஜேந்தினியின் பக்கம் திரும்பினான். "கஜி, எனக்கு இறக்கப் பயமாக் கிடக்கு. கொம்பியூட்டரிலையே எல்லாத்தையும் உடைச்சனான். நீ இறக்கு. கெதியா!" என்று ரிமோட்டை அவள் கையில் திணித்தான்.

கஜேந்தினி வேகத்தைக் குறைத்தாள். மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். படகு தண்ணீரைத் தொட்டு ஒரு தடவை துள்ளியது. இன்னொரு தடவை துள்ளியது. பிறகு நீளமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டபடி அமைதியாக அமர்ந்தது.

கரை முழுவதும் கைதட்டியது. "என்ரை மகள்! பாருங்கோ, என்ரை மகள்தான் இறக்கினவள்!" என்று அம்மா தமிழ் தெரியாதவர்களிடமும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். எமிலி, "ஷெம்பெ பிரா, கஜேந்தினி!" என்று கத்தினாள்.

லதீசனும் கைதட்டினான். ஆனால் அவன் உதடு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. கன்னம் லேசாக ஊதியிருந்தது.

"நல்லாத்தான் இறக்கினாய்," என்றான், கைத்த மருந்தைக் குடிப்பவனைப் போல.

அந்த முகத்தைக் கஜேந்தினி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று வாரமாக ஒவ்வொரு காலையும் பல் தீட்டும்போது கண்ணாடியில் அவள் பார்த்து வந்த முகம் அது! இவனுக்கும் இது வருமா? அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

"இந்தா, பிடி," என்று ரிமோட்டை நீட்டினாள். "இந்த முறை நீயே எழுப்பு, நீயே இறக்கு. மூக்கை எப்ப தூக்கிறதெண்டு நான் சொல்லித் தாறன்."

"உடைச்சுப் போட்டால்?"

"உடைஞ்சால் ஒட்டலாம். இன்னும் ரெண்டு ஐஸ்கிறீம் தின்னவேண்டி வரும், அவ்வளவுதானே."

லதீசனின் உதடு நேரானது. மோட்டார் காய்ந்தே இருந்ததால் எமிலியும் சம்மதித்து, படகைக் காற்று வரும் பக்கம் திருப்பிவிட்டாள். அது தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடி இரண்டாவது தடவையும் எழுந்தபோது, கரையில் யார் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள் என்று இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.